வசந்தா சிஸ்டர் குடித்த தண்ணீர்

செய்தி வந்தபோது நான் வடலூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வசந்தா சிஸ்டரின் மகன்தான் பேசினான். "மாமா, அம்மா போயிட்டாங்க. காலையில காபி போட அடுப்பு பத்த வெச்சாங்க, அப்படியே உக்காந்துட்டாங்க." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனையோ பேரின் கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தன்னருகே யாரையும் உட்கார விடாமல் போய்விட்டாரே என்று. அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நெய்வேலியில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை என்று இங்கே குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், முற்றிய புற்றுநோயோடு இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சிறு குழுவில் சேர்ந்தார். ஒரு டாக்டர், சிஸ்டர், வண்டி ஓட்ட நான். மைன்ஸில் மண் லாரி ஓட்டிப் பழகிய கை என்னுடையது. பள்ளத்தில் வண்டி குதித்தால் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "அண்ணே, பின்னால இருக்குறது மண்ணுன்னு நெனச்சீங்களா?"

நான் அந்தக் குழுவுக்குப் போனதே என் மனைவியால்தான். அவளுக்கு இனி சிகிச்சை இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தார் என் அக்கா. முதல் நாள் வந்த சிஸ்டர், நாடியைக்கூடப் பார்க்கவில்லை. "குடிக்கத் தண்ணி குடுங்க" என்றார். அக்கா உள்ளே போவதற்குள், கட்டிலருகே இருந்த என் மனைவியின் டம்ளரிலேயே ஊற்றிக் குடித்தார். அன்று சாயங்காலம் என் மனைவி அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் போன பிறகு அந்தக் குழுவுக்கு வண்டி ஓட்ட நானே போய்ச் சேர்ந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் சிஸ்டரின் வழக்கம். முதலில் தண்ணீர், அப்புறம்தான் வைத்தியம்.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமே" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குச் சுள்ளென்று வரும். "குணப்படுத்த முடியாதுன்னுதான் சொன்னாங்க. வலிய கொறைக்க முடியாதுன்னு யாரு சொன்னது?" என்பார்.

பிறகு கொரோனா வந்தது. டவுன்ஷிப்பில் தெருவுக்குத் தெரு தகரம் அடித்தார்கள். டாக்டர் போனில் மட்டும் பார்த்தார். நானும் சிஸ்டரும் இ-பாஸ் வாங்கிக்கொண்டு, வீட்டைவிட்டு அசைய முடியாதவர்களுக்கு வலியைக் குறைக்கும் மார்ஃபின் மருந்தைக் கொண்டுபோனோம்.

காடாம்புலியூரில் கலியபெருமாள் என்று ஒருவர் இருந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். வாய்ப் புற்றுநோய் கன்னத்தைத் துளைத்து, நாற்றமெடுக்கும் புண்ணாகியிருந்தது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும். அந்த உடம்பு இன்னொரு தொற்றைத் தாங்காது என்பதால், வீட்டுக்குள் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை என்று சிஸ்டர் முடிவு செய்திருந்தார். அதனால் தண்ணீரும் இல்லை. சொம்பை நீட்டிய மனைவி அஞ்சலையிடம் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த முறை போனபோது அஞ்சலை வாசலிலேயே அழுதார். "மருந்த தொட வுட மாட்டேன்றாருங்க. ராவும் பகலும் சுருண்டுகினு கெடக்குறாரு. தண்ணிகூட வாங்கிக் குடிக்காதவங்க குடுக்குற மருந்து எனக்கு எதுக்குன்றாருங்க."

சிஸ்டர் உள்ளே போய்ப் பொறுமையாக விளக்கினார். மாஸ்க் அவருக்காகத்தான் என்றார். கலியபெருமாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குழறலாக ஏதோ சொன்னார். அஞ்சலை தயங்கித் தயங்கி எங்களுக்குச் சொன்னார்: "புண்ணு நாத்தம்னு சொல்ல வெக்கப்பட்டுகினு எல்லாரும் கொரோனான்றாங்களாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. உயிர் போகிற வலியிலும் இந்த மனுஷனுக்கு என்ன ரோஷம் என்று முணுமுணுத்தேன். சிஸ்டர் என்னை முறைத்தார். "அது ஒண்ணுதான் அவருகிட்ட மிச்சம் இருக்கு. அதையும் புடுங்கணுமா?"

கொல்லைப்பக்கம் ஒரு முந்திரி மரம். சன்னலிலிருந்து நேராகத் தெரியும், ஆனால் நல்ல தூரம். கத்திரி வெயிலில், பிளாஸ்டிக் அங்கிக்குள் வேர்த்து ஊற்ற, சிஸ்டர் அங்கே போய் உட்கார்ந்தார். மாஸ்க்கைக் கழற்றினார். "அஞ்சல, அந்தச் சொம்ப எடுத்துட்டு வா" என்று சத்தமாகக் கேட்டார். அஞ்சலை சொம்பைப் பாதி வழியில் வைத்துவிட்டு விலகினார். சிஸ்டர் சன்னலைப் பார்த்தபடி மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தார். பிறகு, "பலாப்பழ வாசன வருது, எனக்குக் கெடையாதா?" என்றார். சுளைகள் வந்தன. ஒன்றுவிடாமல் தின்று கொட்டைகளைத் துப்பினார்.

கலியபெருமாள் பார்த்துக்கொண்டே இருந்தார். சிஸ்டர் கையைக் கழுவி, புது மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போனபோது, அவரே தன் மூக்குக் குழாயின் மூடியைத் திறந்து நீட்டினார்.

மறுநாள் வடலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அஞ்சலையின் போன் வந்தது. சிஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். "சிஸ்டர், தூங்கறாருங்க."

மருந்து அதிகமாகிவிட்டதோ என்று சிஸ்டரின் குரல் மாறியது. "கூப்பிட்டா முழிக்கிறாரா?"

"முழிச்சாருங்க. ஏன்டி எழுப்புனன்னு கைய ஓங்கிட்டு மறுபடியும் தூங்கிட்டாரு. இருங்க, நீங்களே கேளுங்க."

போனை அவர் பக்கத்தில் கொண்டுபோனார் போலிருக்கிறது. வண்டி முழுக்கக் குறட்டைச் சத்தம். சிஸ்டர் ஓரம் கட்டச் சொன்னார். "கல்யாணம் ஆனதுலேருந்து இந்தக் கொறட்டைய திட்டிகினே இருந்தேங்க. இன்னிக்கி கேட்டுகினே உக்காந்துகினு இருக்கேன்" என்றார் அஞ்சலை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். பதிலடி வருமென்று திரும்பிப் பார்த்தேன். மாஸ்க்கின் மேல்விளிம்பு நனைந்திருந்தது.

கலியபெருமாள் அதன்பின் சில வாரங்கள் இருந்தார். தன் வீட்டில், அஞ்சலை பக்கத்தில் இருக்க, வலியில்லாமல் போனார்.

வசந்தா சிஸ்டரின் பையும் ஸ்டெதாஸ்கோப்பும் குழுவுக்கு வந்திருக்கும் புது நர்ஸிடம் இருக்கின்றன. அது சரிதான். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ரோட்டோரத்தைத்தான். அடுத்தவர் மூச்சைக் கண்டு ஊரே விலகி ஓடிய நாட்களில், யாரோ ஒரு மனிதர் நிம்மதியாக மூச்சுவிடுவதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்க விடாமல் உட்கார்ந்திருந்தார் எங்கள் சிஸ்டர்.