வெறும் தீவனக் கொட்டில்

ஓர் ஆய்வைப் பொய்யாக்கியவள் நான். ஆம், நானே! தெரிந்தே செய்தேன்.

தாம்பரத்துக்கு அப்பால் ஓர் ஆய்வுப் பண்ணையில் பன்றிகளுக்குத் தீவனம் வைப்பவள் நான். ஆய்வு மாணவி ஒருத்தி வந்தாள், மேடம் என்போம். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை இரண்டு கொட்டில்களில் விட்டாள். ஒன்றுக்குப் பூண்டும் ஓமமும் மஞ்சளும் சேர்ந்த பொடியைத் தீவனத்தில் கலப்போம். மற்றதற்கு வெறும் தீவனம். எது நன்றாக வளர்கிறது என்று எழுதி அவள் பட்டம் வாங்க வேண்டும்.

பத்தே நாளில் வெறும் தீவனக் குட்டிகளுக்குக் கழிச்சல். பொடி தின்றவை துள்ளின. இவை சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நடுங்கின.

"அதுங்களுக்கு எதுவும் குடுத்துடாதீங்கக்கா. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்," என்றாள் மேடம்.

தெரிந்ததே... என் கண்ணுக்கு!

மறுநாள் காலை செம்பாக்கத்தில் என் வீட்டில் ஓமத்தைக் காய்ச்சி, பாட்டிலில் கொண்டுபோய் அவற்றின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினேன். பக்கத்துக் கொட்டிலில் ஏற்கெனவே ஓமம் மணத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கழிச்சல் நின்றது. அதன் பிறகும் விட மனமில்லை; தினமும் ஊற்றினேன். என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது செய்ததைத்தான் செய்தேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன்! நீங்கள் அந்தக் கொட்டிலில் ஒரு நாள் நின்று பாருங்கள்.

கடைசியில் எடை போட்டார்கள். இரண்டு கொட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அந்தப் பொடி வேஸ்ட்டுக்கா," என்றாள். அப்படியே எழுதினாள். பட்டமும் கிடைத்தது, எங்கள் பண்ணையிலேயே வேலையும் கிடைத்தது. நான் வாயைத் திறந்தால் அவள் உழைப்பும் போகும், என் பிழைப்பும் போகும். மூடிக்கொண்டேன். அதற்கும் நான் கூசவில்லை.

சென்ற மாதம் மண்ணிவாக்கத்திலிருந்து பன்றி வளர்ப்பவர் ஒருவர் வந்தார்.

"குட்டிங்க கழிஞ்சிகினே சாவுது மேடம். ஓமம், பூண்டு எதுனா குடுத்துப் பாக்கவா?"

"நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேங்க. ஒரு யூஸும் இல்ல."

நான் பக்கத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். போகும்போது அவர் என்னிடம் நின்றார்.

"தெனம் தீனி வெக்கிறவ நீதானே... நீ இன்னாக்கா சொல்ற?"

என்னிடம்தான் கேட்டார். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத பதிலை, தெரிந்த ஒருத்தியிடமே கேட்டார்!

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா," என்றேன்.

தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இன்னும் எத்தனை குட்டிகள் மிச்சம் என்று நான் கேட்கவில்லை.