கோட்டுக்கு வெளியே போன அப்பா

போன வியாழக்கிழமை எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். கையில் ஆயுதம் – மகள் கலர் அடித்த ஒரு மீன் படம்!

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு றப்பர் தோட்டத்தில், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின் அவர்களுடைய பிள்ளைகளை இந்தக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் நான். காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு மாதிரி ஏதோ நடத்துவேன். பாட்டு, கதை, அப்புறம் கலர் அடித்தல். தோட்டத்து ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களின் பின்பக்கத்தில் கார்பன் வைத்து வரைந்தால், ஒரே இழுப்பில் நான்கு மீன். நாலாவது மீன் கொஞ்சம் மங்கலாக இருக்கும்... அதனால் என்ன?

வந்தவர் இராஜு. மரத்தில் பால் வெட்டுகிறவர். மகள் தர்ஷினிக்கு நாலு வயது.

"டீச்சர், மூணு மாசமா மீனும் வாத்துந்தான் வீட்டுக்கு வருது. ஒரு 'அ' கூட வரல்லீங்களே?"

"பிள்ளைக்கு நாலு வயசுதானே அண்ணே..."

"டவுன்ல டியூசன் இருக்கு. அங்க நாலு வயசுப் பிள்ளைங்க பேரே எழுதுதுங்க. திங்கக்கெழமையிலேருந்து இவ அங்கதான். எனக்குக் கையெழுத்துப் போடவே கை நடுங்கும் டீச்சர். இவளுக்கு அது வேணாம்."

சண்டை போடத் தயாராக இருந்த நான், அந்தக் கடைசி வார்த்தையில் அடங்கிப் போனேன். இப்படி ஒருவரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஆனால் தர்ஷினியை விடவும் மனமில்லை. வந்த புதிதில் கலர்க் குச்சியை உலக்கை மாதிரி முழுக்கையால் பிடித்துக் குத்துவாள். தாள் கிழியும். இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள். வாயைத் திறக்கவே மாட்டாள். இப்போது? மூன்று விரலால் பிடிக்கிறாள். மீன் முடியும்வரை எழும்புவதில்லை. தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாள். பேச்சு வேறு! "இந்த மீனுக்குக் காய்ச்சல் டீச்சர், அதான் செவப்பு."

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சி வகுப்பில் படித்ததை அப்படியே எடுத்துவிட்டேன்.

"அதாவதுண்ணே, இது பிள்ளையின் நுண்தசை இயக்கத்துக்கும்..."

"என்னா எயக்கம்?"

"கண் – கை ஒருங்கிணைப்புக்கும்..."

மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டை வாசித்துக் காட்டியதுபோல அவர் என்னைப் பார்த்தார். அழுகிற மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலைத் தாண்டியிருப்பார்... மழை. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே? முன்னால் நிற்கும் மரம்கூடத் தெரியாது. இரண்டு பேரும் திரும்பி உள்ளே வந்தார்கள்.

அழுதுகொண்டிருந்த தர்ஷினி, கண்ணைத் துடைத்தாள். நேரே போய் ஒரு மீன் தாளை எடுத்து வந்தாள்.

"அப்பா, நான் வாலு. நீங்க தல. அடிங்க."

"எனக்குத் தெரியாது புள்ள."

"லேசுதான்ப்பா!"

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் இராஜு. பச்சையை எடுத்தார். ஒரே அழுத்து – குச்சி இரண்டு துண்டு! மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டார்கள். அடுத்த இழுப்பில் பச்சை மீனின் வாயைத் தாண்டி வெளியே பாய்ந்தது.

"ஐயோ, கோட்டுக்கு வெளிய போகுது! பாத்து அடிங்கப்பா!"

காம்பராவே சிரித்தது. இராஜுவும் சிரித்தார். அப்புறம் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, குனிந்து, ரொம்ப மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். மழை குறைந்தது. அவர் கவனிக்கவில்லை.

தலை முடிந்தபிறகுதான் நிமிர்ந்தார்.

"லேசில்ல டீச்சர். பால் வெட்டுற மாதிரித்தான். கத்திய அமுக்கினா மரத்துல காயம். அமுக்காட்டிப் பால் வராது. பழகுறப்ப எனக்கு வெட்டித் தள்ளப்போற கெழட்டு மரத்தத்தான் குடுத்தாங்க. கை படியட்டும்னு."

மகளின் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவளுக்கும் கை படியத்தான் இந்த மீனா?"

"ஆமாண்ணே. அதேதான்."

இவ்வளவுதான் விஷயம்! ஐந்து நாள் பயிற்சியில் எனக்குச் சொல்லவராததை, பாதி மீனுக்குக் கலர் அடித்த மனிதர் சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால், தாய் தகப்பன்மாரைப் பிள்ளையைக் கொண்டுவந்து விடவும் கூட்டிப்போகவும் மட்டும்தானே நாங்கள் கூப்பிடுகிறோம்? எப்போதாவது பாயில் உட்கார வைத்திருக்கிறோமா?

"சரி டீச்சர், இவ இங்கயே இருக்கட்டும். ஆனாலும்... ஒரேயொரு 'அ'?"

அதுவும் நியாயம்தான். ஒரு முழுத்தாளில், உள்ளே வெறுமையாக விட்டு, பூசணிக்காய் அளவில் ஒரு 'அ' வரைந்து கொடுத்தேன். அப்பாவும் மகளும் மீண்டும் குனிந்தார்கள். ஊதா, மஞ்சள், அப்புறம் காய்ச்சல்காரச் சிவப்பு.

அன்று பின்னேரம் இராஜு அந்தத் தாளோடு லயம் முழுக்க நடந்தாராம். "எம்மக எழுதின 'அ' பாத்தீங்களா?" என்று வீட்டுக்கு வீடு காட்டினாராம்.

அதில் பாதிக் கலர் அவர் அடித்தது என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை – உங்களைத் தவிர.