வெடிக்காத துளை

பயங்கரவாதத்தை அரசாங்கத்தால் தடுக்க முடியும் என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது தடுத்த லட்சணத்தைக் கண்ணால் பார்த்தவள் நான்.

முப்பதுகளின் தொடக்கம். வடக்கே எங்கெங்கோ வெள்ளைக்காரத் துரைகள்மேல் குண்டு வீசினார்கள். அதற்கு மயிலாடிப் பாறையில் கல் உடைத்த எங்களுக்கு வெடிமருந்து நின்றுபோனது. என் வீட்டுக்காரர் பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்துகிறவர். நான் உடைந்த கல்லைச் சுமப்பேன். மருந்து குண்டு செய்கிறவர்கள் கைக்குப் போய்விடுமாம். இருந்த மருந்தையெல்லாம் போலீசார் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு மருந்து மட்டும் எப்படியோ தப்பியது. வீட்டில் ஒரு வேளை மரச்சீனிக் கிழங்குக்கே வழியில்லை.

அந்த மருந்தைத் துளையில் வைத்தார். திரி எரிந்தது, வெடி வெடிக்கவில்லை. அப்படி ஊமையாகிப்போன துளையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, தள்ளிப் புதிதாக ஒன்று போடுவதுதான் பாறைக்காரர் வழக்கம். குடிவெறியில்கூட எவனும் அதைத் தோண்டமாட்டான்.

"தண்ணிய ஊத்துங்கோ" என்றேன்.

"ஏட்டி, இத நனைச்சா பெறகு மருந்துக்கு எங்க போக? ஒனக்க அப்பனா தருவான்?"

கம்பியால் தோண்டினார். கம்பி கல்லில் உரசித் தீப்பொறி பறந்தது; மருந்து வெடித்தது. இரண்டு கண்ணும் போயின.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு மறுநாளே ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். இவர் முகமெல்லாம் மருந்துக் கரி. அவருக்கு அது போதும்.

"ஆருக்குலே குண்டு கெட்டின?"

"பாறைக்குத்தான் ஏமானே" என்றார் இவர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரைக் காவல் போட்டார்கள். ஒன்றுக்கிருக்க நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாலும் பின்னாலேயே வருவார். "கண்ணு தெரியாத மனுசன் எங்க ஓடுவாரு?" என்று கத்தினேன். "எனக்குத் தெரியும் அக்கா. மேல உள்ளவங்களுக்குத் தெரியாண்டாமா?" என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

குண்டும் கிடைக்காமல், கூட்டாளியும் கிடைக்காமல் கடைசியில் இவரை விட்டுவிட்டார்கள். தங்கள் கெடுபிடியால்தான் இந்தப் பக்கம் ஒரு குண்டும் வெடிக்கவில்லை என்று ஓர் அதிகாரி பெருமையடித்துக்கொண்டாராம். அதற்கு முன்னும் வெடித்ததில்லை. பாவிகள், அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

பிறகு மருந்துக்கான தடையும் நீங்கியது. ஒரு காலையில் பாறைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. இவர் துள்ளி எழுந்தார்.

"ஏட்டி, மருந்து வந்துட்டு!"

மூலையில் சாத்திவைக்கும் கம்பியைத் தேடிச் சுவரைத் தடவினார். அதை விற்றுத்தான் அன்று கஞ்சி காய்ச்சியிருந்தேன்.