விளக்கு வைத்த அறை

எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறையை ஒவ்வொரு காலையும் கலைப்பது என் வேலையாக இருந்தது. போர்வையை உதறி ஒரு மூலையில் சுருட்டுவேன். தலையணையில் முஷ்டியால் ஒரு குழி. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொள்வேன், மெத்தை ஒரு பக்கம் அமுங்கவேண்டும் என்பதற்காக. முப்பது வருடம் நில அலுவலகத்தில் இருந்தவன் நான். ஒரு வீட்டில் உண்மையிலேயே ஆள் குடியிருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதியவன். ஆய்வுக்கு வருகிறவன் எதைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்: கொக்கியில் தொங்கும் கைலி, முக்காலியில் ஒரு மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த தைலப் புட்டி. மூன்றையும் வைத்திருந்தேன். நானே ஆய்வுக்குப் போயிருந்தாலும் ஏமாந்திருப்பேன்.

அந்த அறையில் யாரும் தூங்கியதில்லை. அது அவருடைய அறை என்பது ஊருக்கு. அவர் பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. நான் வீட்டுக்காரன், அவர் வாடகைக்கு இருப்பவர். ஒப்பந்தம்கூட எழுதி முத்திரை குத்தி வைத்திருந்தேன். இருபத்தாறு வருடமும் நாங்கள் படுத்தது என் அறையில், ஒரே கட்டிலில், ஜன்னல் பக்கம் அவர்.

"தோட்டத்து லயத்து வீட்டுல ஒரே ரூம்ல எட்டு பேரு படுத்தோம் சார். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல," என்பார். வீட்டிலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. "இப்ப ரெண்டு பேரு படுக்க ரெண்டு ரூம் வேணுமாம்லா."

"பேசாம படுங்க கிராணி."

ஒரு காலை, தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரம்பான் மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். அப்படிப்பட்ட கட்டத்தைக் காலியாக விட்டு வந்தவர்களை நான் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! 'வீட்டு உரிமையாளர்' என்று எழுதினேன். வீட்டு உரிமையாளர்களை உள்ளே விடுவதில்லை. கோலா கிளாவாங்கிலிருந்து அவருடைய அக்கா வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

தகனம் முடிந்து வந்த பகலில் அக்கா கையில் அகல் விளக்கோடு கூடத்தில் நின்றார். எழுபதைத் தாண்டியவர். இறந்தவர் படுத்த இடத்தில் பதினாறாம் நாள்வரை விளக்கு எரிய வேண்டும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து முறை.

"தம்பி, அவன் படுத்த ரூம் எது?"

என் கை இரண்டாவது அறையைக் காட்டியது. யோசித்துக் காட்டவில்லை. பழக்கம்.

அக்கா முக்காலியைத் துடைத்து விளக்கை வைத்தார். "அணையாம பாத்துக்கணும். அவன் வந்து தண்ணி குடிச்சிட்டுப் போவான். பழகுன எடத்துக்குத்தான் வருவான் தம்பி."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், வந்தால் எந்த அறைக்குப் போவார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

உறவினர்கள் வந்தார்கள். அக்கா தட்டி விரித்திருந்த அந்தக் கட்டிலைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். "மாமா எவ்ளோ நீட்டா வச்சிருக்காரு பாரேன்," என்றாள் ஒரு பெண். முறுக்குத் தூளைப் படுக்கையிலேயே உதறுகிற மனிதரைச் சொன்னாள். அவர்கள் அழுதது நான் தயாரித்து வைத்த ஆளுக்காக. நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் என் தோளைத் தட்டினார்.

"இனிமே இப்படி ஒரு வாடகைக்காரன் கெடைக்க மாட்டான்லா சார்."

"கெடைக்க மாட்டாரு," என்றேன்.

பத்தாம் நாள் அக்கா காய்கறி வாங்கப் பக்கத்து வீட்டாரின் காரில் பாசாருக்குப் போனார். நான் விளக்கை எடுத்தேன். சுடரைக் கையால் மறைத்தபடி நடந்து, என் அறையில் ஜன்னல் பக்கத்து மேசையில் வைத்தேன். அவர் நிஜமாகப் போட்டுக்கொண்ட கண்ணாடி அங்கேதான் கிடந்தது. செம்பையும் கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"கிராணி, இங்க," என்றேன். அப்புறம்தான், பத்து நாளில் முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதேன். கார் திரும்பி வந்தது காதில் விழவில்லை.

அக்கா கதவைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார். கட்டிலையும், இரண்டு தலையணைகளையும், ஜன்னல் பக்கத்துத் தலையணைமேல் நான் துவைக்காமல் வைத்திருந்த அவருடைய பனியனையும் பார்த்தார். காய்கறிப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே கேட்டேனே தம்பி."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க படுத்தான்னு தானே கேட்டேன்? யாரு கூடன்னா கேட்டேன்? இங்கன்னு சொல்லியிருந்தா இங்கயே வச்சிருப்பேன்ல."

இன்னும் ஆறு நாள்தானே, இங்கேயே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

"வச்ச வெளக்க எடம் மாத்தக் கூடாது. மாத்துனா அவனுக்கு வழி தெரியாது. இப்பவே என்ன ஆச்சோ."

தாக்கல் செய்த படிவத்தில் திருத்தம் கிடையாது என்று இதே பொறுமையான குரலில் நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிரே நின்ற அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அக்கா விளக்கை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"தண்ணிய நீ கொண்டா. இனிமே நீயே மாத்து. அது வீட்டு ஆளு செய்யுறது."

மீதி நாட்களில் நான்தான் மாற்றினேன். காலையில் செம்பின் கழுத்துவரை ஊற்றி வைப்பேன். மறுநாள் விரலை விட்டு அளவு பார்ப்பேன். வைத்த அளவிலேயே இருந்தது. அக்கா தினமும் கேட்டார்.

"கொஞ்சம் கொறைஞ்சிருக்குக்கா," என்றேன்.