பேராச்சியும் வியர்க்காத அறுபத்திரண்டு உடைகளும்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு நான் பேராச்சியை முதன்முதலாகச் சந்தித்தேன். மாட்டுங்கா அரங்கில் அன்றைய நாடகத்துக்கு அப்போதுதான் இடைவேளை விட்டிருந்தார்கள். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. கூட்டம் முழுவதும் வடை விற்கும் மேசையை நோக்கி நடக்க, தோளில் துணிப்பையுடன் ஒரு பெண்மணி மட்டும் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். இன்னும் பாதி இருக்கிறதே என்று, கேட்டிருக்க வேண்டாத கேள்வி ஒன்றைக் கேட்டேன்.

"அப்பா வேசம் போட்டவரு மகளைத் திட்டுதாரு. ஆனா மூஞ்சி மைக்கப் பாத்து இருக்கு. அந்தப் பிள்ள ஒரு மூலையில நின்னு அழுவுது, இவரு மைக்கத் திட்டிக்கிட்டு இருக்காரு. ரெண்டாம் பாதியில மைக்கு திருந்திரும் ஸார். எனக்கு பஸ்ஸு இருக்கு."

நான் அப்போது இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்றின் மாத இதழுக்கு நாடக விமரிசனம் எழுதிவந்தேன். அந்த மாத விமரிசனத்தில், தந்தையார் ஒலிபெருக்கியைக் கண்டித்த காட்சியை இரண்டு வாக்கியங்களில் குறிப்பிட்டேன். இதழுக்கு வந்த மூன்று கடிதங்களும் அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றியவை.

பேராச்சி தாராவியில் குடியிருந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே பிறந்து, மணமாகி இங்கே வந்தவர். மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் கண்ணா என்பவர் நடத்தும் நாடக உடை வாடகைக் கடையில் அவருக்கு வேலை. நாடகம் முடிந்து மூட்டையாகத் திரும்பிவரும் அரச உடைகளையும் அசுர உடைகளையும் பிரித்து, கழுத்துப்பட்டையையும் அக்குளையும் முகர்ந்து பார்த்து, எது சோப்புக்கு, எது வெயிலுக்கு, எது இஸ்திரிக்கு மட்டும் என்று ஒதுக்குவார். மேடையில் யார் உழைத்தார், யார் வெறுமனே நின்றார் என்பது அவருக்குத் திங்கட்கிழமை காலையில் தெரிந்துவிடும். கைதட்டல் வாங்கிய ராவணனின் உடை இஸ்திரிக்கு மட்டும் போவதும், யாரும் கவனிக்காத தூதுவனின் சட்டையை இரண்டு முறை ஊறவைப்பதும் உண்டு.

இருந்தாலும் முகர்ந்ததை மட்டும் வைத்து அவர் தீர்ப்புச் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கி நாடகம் பார்த்தார். உடை கொடுத்த கடை என்ற முறையில் கண்ணாவுக்கு வரும் இலவசப் பாஸ்களைத் தொடமாட்டார். ஃபோகட்டில் வந்தவர்கள் கைதட்டித்தான் ஆகவேண்டும், இடைவேளையில் எழுந்து போனால் மரியாதை இல்லை, தமக்கோ எழுந்து போகும் உரிமைதான் டிக்கெட்டிலேயே விலை கூடிய பகுதி என்பார்.

புதன்கிழமை மதியம் கடையின் பின்னறைக்குப் போவேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே அந்த வாரத்து நாடகத்தைத் தீர்த்துக்கட்டுவார். சபா நகைச்சுவை நாடகங்களில் வரும் சோபாவுக்குத்தான் அதிக அனுபவம் என்றார். முப்பது வருடமாக ஒரே வீட்டில் ஒரே இடத்தில் கிடக்கிறதாம். ஒவ்வொரு சிரிப்புத் துணுக்குக்குப் பிறகும் நடிகர் வாயை மூடி நிற்பதை, மாதச் சந்தா வசூலிக்க வந்தவர் நிற்கும் நிலை என்றார். அந்தேரியில் நடந்த பரிசோதனை நாடகம் ஒன்றுக்கு இரண்டு ரயில் மாறிப் போய்வந்தார். மேடை நடுவில் ஒரு நாற்காலி. நான்கு பேர் இரண்டு மணி நேரம் அதைச் சுற்றினார்கள். யாராவது ஒருத்தன் உட்காருவானா என்று பார்க்கவே கடைசிவரை இருந்ததாகவும், ஒருவனும் உட்காரவில்லை என்றும் சொல்லி, "ஏக்தம் பண்டல்", படு மட்டம், என்று முடித்தார். புராண நாடகத்தில் விளையாட்டுச் செருப்போடு வந்த தேவேந்திரனைப் பற்றி அவர் பேசவே மறுத்தார்.

ஒன்பது வருடங்களில் அவர் பாராட்டி நான் கேட்டது ஒரே ஒரு முறை. தாதரில் ஒரு மராத்தி நாடகத்தில் வயதான நடிகை ஒருவருக்கு வசனம் மறந்துவிட்டது. அவர் பதறவில்லை, எதிரே இருந்த மகனைப் பார்த்தபடி நின்றார். அரங்கம் முழுவதும் அந்தத் தாய் பேச முடியாமல் நிற்கிறாள் என்றே நம்பியது. "அந்தம்மா சேலைய நான் துவைச்சிருக்கணும் ஸார்," என்றார் பேராச்சி.

இதழ் வந்ததும் ஒரு பிரதி கொடுப்பேன். எழுத்துக் கூட்டி, நிதானமாக, ஒரு வாரம் படிப்பார். தாம் ஒரு மூச்சில் சொன்னதை ஸார் இப்படி ஒரு பக்கத்துக்கு இழுக்கத்தான் காலேஜில் படித்தாரா என்று ஒருமுறை கேட்டார். விமரிசனத்தின் கீழே என் பெயர் இருந்தது. பாதிக்கு மேல் அவருடைய கருத்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

2024 நவம்பரில், நிகழ்ச்சி நிறுவனம் ஒன்றை நடத்தும் அனந்த் என்பவர் 'மரகதக் கப்பல்' என்ற இசை நாடகத்தை மேடையேற்றினார். சுவர் அளவு மின்திரையில் கடல் புரண்டது, மேடை சுழன்றது, புகை முதல் மூன்று வரிசைகளுக்கு வந்து மூத்த உறுப்பினர்களை இருமவைத்தது. வசனமும் பாட்டும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டவை. கடற்படைத் தலைவன் வாயை மட்டும் அசைத்தான்; அதையும் அரை நொடி பிந்தி அசைத்தான். முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவர் மின்திரைக்குக் கைதட்டினார் என்றே நினைக்கிறேன்.

புதன்கிழமை பேராச்சி மிகக் குறைவாகவே பேசினார். "அறுபத்திரெண்டு உருப்படி திரும்பி வந்திருக்கு ஸார். போர் நடந்திருக்கு, கப்பல் முங்கிருக்கு, ராஜா செத்திருக்காரு. ஒரு காலர்ல ஈரம் இல்ல. அப்படியே மடிச்சு வச்சுட்டேன்."

இதைவிடச் சிறந்த வாக்கியம் எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். உடைகள் எந்தக் கடையிலிருந்து போயின என்பது நகரத்தில் நாடகம் போடும் அத்தனை பேருக்கும் தெரியும் என்பதையும், கழுத்துப்பட்டையை முகர்ந்து பார்ப்பவர் அங்கே ஒருவர்தான் என்பதையும் நான் யோசிக்கவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார். நான் கேட்கவில்லை.

இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் அனந்த் கண்ணாவைத் தொலைபேசியில் அழைத்தார். புனேயிலும் பாண்டுப்பிலும் இன்னும் நான்கு காட்சிகள் இருந்தன. நான்குக்கும் உடை இந்தக் கடையில்தான் பேசியிருந்தது. வாடிக்கையாளரின் உடையை முகர்ந்து பார்த்து ஊருக்குச் சொல்லும் கடையோடு தமக்கு வியாபாரம் இல்லை என்றார். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி சொன்னார். கழுத்துப்பட்டை பற்றிய குறிப்பு ஆதாரமற்றது என்று அடுத்த இதழில் இரண்டு வரி வரவேண்டும். வராவிட்டால் ஆர்டர் வேறு கடைக்குப் போகும். ஆர்டர் போனால் பேராச்சியும் போகவேண்டியதுதான் என்று கண்ணா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். கடை வாடகை ஏறியிருந்த வருடம் அது.

இரண்டு வரிகளையும் அன்றே எழுதினேன். அடுத்த புதன்கிழமை பின்னறையில் அவற்றைப் பேராச்சிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். 'உடைகள் குறித்த வாக்கியம் விமரிசகரின் கற்பனை. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.'

பேராச்சி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அதை அவர் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்போ அவனுவளுக்கு வேர்த்துச்சாக்கும்?"

இல்லை என்றேன்.

"பிறகு?"

"அக்கா, ரெண்டே வரிதான்," என்றார் கண்ணா. "யாரு படிக்கப் போறா. எழுதிட்டா உங்க வேலை உங்களுக்கு. எனக்காகன்னு வச்சுக்கோங்க."

"நான் படிப்பேன்லா தம்பி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதாதீங்க ஸார். நாளப்பின்ன நான் ஒரு நாடகத்தப் பாத்து நல்லால்லன்னு சொன்னா, அன்னைக்கு வேலைக்காக மாத்திச் சொன்னவதானன்னு எனக்கே தோணிரும். அப்புறம் டிக்கெட்டு எடுத்து உள்ள உக்காந்து என்னத்தப் பாக்க?"

அடுத்த இதழில் அந்த வரிகள் வரவில்லை. அந்த மாதக் கடைசி வரை பேராச்சி வேலை செய்தார். மடித்து வைத்திருந்த அறுபத்திரண்டையும் எண்ணி, கண்ணாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். 'மரகதக் கப்பல்' புனேக்கு வேறொரு கடையின் உடையில் போயிற்று. அங்கும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

பதினொரு வாரம் அவருக்கு வேலை இல்லை. பிறகு தாதரில், கல்யாண விருந்து நடத்தும் ஒருவரிடம் மேசை விரிப்புகளைத் துவைக்கும் வேலை கிடைத்தது. விருந்துகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. நாடகங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கின்றன. வருடத்துக்கு நாற்பது நாடகம் பார்த்தவர், சென்ற வருடம் வார நாளில் போட்ட மூன்றை மட்டும் பார்த்தார். மூன்றிலும் இடைவேளையில் வெளியே வந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்றாவது நாடகத்தில் பேய் வேடம் போட்டவர் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தாராம். செத்தவருக்கு என்ன அவசரம் என்று கேட்டார். வழக்கம்போல எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்; அவருடைய பெயரைப் போட்டே வெளியிடட்டுமா என்று, ஒன்பது வருடம் பிந்திக் கேட்டேன். பெயர் என்ன பெயர், வாக்கியத்தை நீட்டாமல் போட்டால் போதும் என்றார்.

கழுத்துப்பட்டை பற்றிய அந்த வாக்கியத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏன் தம்மிடம் கேட்கவில்லை என்று என்னிடம் கேட்கும் உரிமை பேராச்சிக்கு உண்டு. தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறேன். அவர் நாடகத்தைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறார்.