அப்பா பார்த்த கரடிப் படம்

பழைய கார்ட்டூன் படங்களைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோழிக்கூட்டுக்கு முன்னால் ஒரு நரி தயங்கி நிற்கிறது. அந்த ஒரு நொடித் தயக்கத்துக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து தாள் தாளாக வரைந்திருக்கிறார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புத்தான். இப்போது வருகிற படங்களில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகக் காற்றில் ஆடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மிருகமாவது வாயை மூடுகிறதா? மனசில் உள்ளதையெல்லாம் பேசியே தீர்த்துவிட்டால் படம் எதற்கு, ரேடியோ போதாதா?

இந்தக் கிறுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்குத் தியேட்டர் இருட்டு ஒத்துக்கொள்ளாது, தலை சுற்றும். அதனால் அப்பா படம் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று முழுக்கதையையும் நடித்துக் காட்டுவார். ஒரு பாட்டைக்கூட விட்டுவிட்டு மேலே போக அம்மா விடமாட்டாள். அவள் பார்த்த சினிமா எல்லாம் அந்த வாசலில்தான்.

பிறகு அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. காதில் மிஷின் வைத்தும் பலன் இல்லை. "இனிமே எனக்கு என்னலே சினிமா" என்று தியேட்டரை விட்டார். கதை நின்றது. மெல்ல மெல்லப் பேச்சும் நின்றது. ஒருநாள் அவர் பக்கத்தில் இருக்கும்போதே, குரலைத் தாழ்த்தாமல், அம்மா சொன்னாள்: "ஏல, இந்த மனுசன் இப்படியே ஊமையாப் போயிருவாரோன்னு பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வசனமே இல்லாத பழைய கார்ட்டூன்களைத் தேடி டிவியில் போட்டேன். அப்பா சிரித்தார், அதுவும் எனக்கு ஒரு கணம் முன்னாலேயே. ஓடப்போகிறவன் முதலில் பின்னால் சாய்வதையும், அடி வாங்கப்போகிறவனின் மீசை முதலில் தொங்குவதையும் அவர்தான் எனக்குக் காட்டினார். ஆனால் நரி விரட்டியது, கோழி தப்பியது என்பதில் அம்மாவுக்குச் சொல்ல என்ன கதை இருக்கிறது? அவர் வாய் திறக்கவில்லை.

போன மாதம் பாளையங்கோட்டைக்கு ஒரு புது கம்ப்யூட்டர் கார்ட்டூன் படம் வந்தது. கிழட்டுக் கரடியும் அதன் பேரக்குட்டியும் மலை தாண்டிப் போகிற கதை. கெஞ்சிக் கூத்தாடி அப்பாவைப் பகல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். படம் முழுக்கப் பேச்சு. நான் பதறிப்போய் வசனங்களைப் போனில் தட்டிக் காட்டினேன். "மறைக்காதலே, பைய இரி" என்று கையைத் தள்ளிவிட்டார். போச்சு, இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படி வாசலுக்குப் போனார்.

"ஏட்டி, கேளு. ஒரு கெழட்டுக் கரடி. அதுக்குக் காது கேக்காது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் கரடிக்குக் காது நன்றாகவே கேட்கும். குட்டி மேல் கோபம், அதனால் திரும்பிப் பார்க்காது. அதைத்தான் வசனத்தில் பத்துத் தடவை சொன்னார்கள்.

"குட்டி கூப்புடுது, இது திரும்பல. அதுக்காவ குட்டி கோவப்படல பாத்துக்கோ. ஒவ்வொரு தடவையும் முன்னால ஓடிவந்து, மொகத்துக்கு நேரா நிக்குது. தொட்டுக் காட்டுது. மலை முழுக்க அப்படித்தான் கூட்டிட்டுப் போவுது. அதுக்கு அலுக்கவே இல்லட்டி."

கரடி மாதிரிக் குனிந்து நடந்து காட்டினார். நான் படத்தை நினைத்துப் பார்த்தேன். குட்டி அப்படித்தான் ஓடி வந்தது, அப்படித்தான் நின்றது. வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவே இல்லை. புதுப் படக்காரர்கள் மேல் எனக்கு இருந்த இளக்காரம் அந்த இடத்திலேயே போயிற்று. அவர்களும் வரைந்துதான் இருக்கிறார்கள். அப்பாவைத் திருத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பழைய பழக்கத்தில், வாணலியைக் கிண்டியபடியே கேட்டாள்: "பொறவு?"

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்தபடியே நின்றார். அம்மா அடுப்பை அணைத்தாள். வாசலுக்கு வந்து, அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று இன்னொரு தடவை கேட்டாள். அப்பா மேலே சொன்னார்.