பெல்ட் போட்ட பூசணிக்காய்

பெரியப்பாவின் காரில், பின்சீட்டில், ஒரு நீத்துப்பூசணிக்காய் இருந்தது. அதற்கு பெல்ட் போட்டிருந்தது. கைக்குழந்தைக்குப் போர்த்துகிற நீலப் போர்வையும் போர்த்தியிருந்தது. எனக்கு எட்டு வயது. வாயைத் திறந்தபடி நின்றேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். இருவரும் பென்சன். அந்த ஊரில் வேறு தமிழர் இல்லை. பெரியம்மா வெள்ளைக்காரக் கிழவிகளோடு இருந்து கம்பளி பின்னுவார், ஜாம் காய்ச்சுவார். பெரியப்பா கண்ணாடிக் கூட்டுக்குள் பூசணி வளர்த்தார். வருசத்துக்கு ஒருமுறை அங்கே கூடாரம் அடித்து, யாருடைய காய் பெரிது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்களாம். அது அடுத்த ஞாயிறு. அவர்கள் எங்களிடம் வந்த அன்றைக்கு, லா சப்பல் என்ற எங்கள் பிரெஞ்சுப் பேட்டையில் தேர். தேருக்கு வந்தவர், காயைத் தனியே விட்டுவர மனமில்லாமல் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் சாமான்கடை ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில். காயைப் பின்னறையில் வைத்தார்கள்.

"பெடியன் அடுத்த ஞாயிறு இதைப் பாக்க வாறனெண்டு போன் எடுத்தவன்" என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னார். "நாலு வருசத்துக்குப் பிறகு."

பெடியன் என்றது அவர்களின் ஒரே மகனை. அவருடைய கலியாணத்துக்குப் பெரியப்பா போகவில்லை. பிறகு அந்த அண்ணா வீட்டுப்பக்கம் வரவில்லை. இது எனக்கும் தெரியும். ஆனால் நான் காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் அம்மாவும் தேர் பார்க்கப் போனார்கள். அப்பா ஒபர்வில்லியே மொத்தக்கடையில் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் வந்தார். தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

"பிள்ளை, உள்ளை இருக்கிற நீத்துப்பூசணியைக் கொண்டுவா. கெதியா!"

உள்ளே இரண்டு காய் இருந்தன. எங்களுடையது சின்னது. சாமிக்குச் சின்னதைக் கொடுப்பார்களா? பெரியதைச் சாமான் வண்டிலில் உருட்டி ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன்.

"அம்மாடி! உது ஆற்றை?"

"பெரியப்பா கொண்டுவந்தவர்."

"தேருக்கெண்டே கொண்டந்திருக்கிறார். அண்ணை அண்ணைதான்!"

அப்பா காயில் துளை போட்டுக் குங்குமம் கொட்டினார். மேலே கற்பூரம் கொளுத்திக் கடைக்கு மூன்று தரம் சுற்றினார். பிறகு தலைக்கு மேலே தூக்கிப் போட்டு உடைத்தார். தெருவெல்லாம் வெள்ளையும் சிவப்பும்.

சனத்துக்குள்ளால் பெரியப்பா வந்தார். கையில் திருநீறு. அப்படியே நின்றார்.

"அண்ணை, உங்கடை காயைத்தான் முதலிலை உடைச்சனான்!" என்றார் அப்பா, சிரித்தபடி.

பெரியப்பா நடைபாதை ஓரத்தில் இருந்துவிட்டார். தேர் அவருக்குப் பின்னால் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியம்மா, "ஞாயிற்றுக்கிழமை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அம்மா அப்பாவின் காதுக்குள் எல்லாம் சொன்னார். அப்பாவின் முகம் செத்துப்போனது.

நான் அடிக்குக் காத்திருந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தால் பெரியப்பா எழும்பினார். "தம்பி, இஞ்சை பெரிய காய் எந்தக் கடையிலை இருக்கும்?"

தெரு முழுக்கத் தேடினார்கள். பாதி அளவில் ஒன்று கிடைத்தது. பெரியப்பா அதற்கு அதே போர்வையைப் போர்த்தி பெல்ட் போட்டார்.

"பெரியப்பா, இது கள்ளம். இது நீங்கள் வளர்த்ததில்லை."

அம்மா என் வாயில் ஒன்று போட்டார்.

"அவளை விடு" என்றார் பெரியப்பா. "ஓம் மோனை, கள்ளம்தான்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"பரிசு கிடைச்சதோ?"

"கூடாரத்துக்குக் கொண்டுபோகேல்லை பிள்ளை. குசினிக்குள்ளை, சாப்பாட்டு மேசையிலை வைச்சிருந்தனாங்கள்."

"அண்ணா வந்தவரோ?"

"ஓம். மத்தியானம் வந்தவன். இன்னும் இஞ்சைதான் இருக்கிறான். பெரியப்பாவோடை கதைச்சுக்கொண்டிருக்கிறான்."

"காயைப் பாத்திட்டு என்ன சொன்னவர்?"

"அவன் அதைப் பாக்கவே இல்லையடி" என்றார் பெரியம்மா.

எனக்குக் கோபம் வந்தது. பெல்ட் போட்டு அவ்வளவு தூரம் கொண்டுபோன காய். ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்றால், ஏன் கொண்டுபோனார்கள்? போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.